வேதமாணிக்கம் சாத்திய கதவு

எந்த ஆபீஸிலாவது "அப்படி ஒண்ணும் இங்க இல்லையே" என்று சொன்னால், சுகிர்தா அதை முதல் பதிலாகத்தான் எடுத்துக்கொள்வாள். முடிவாக எடுத்துக்கொள்ள மாட்டாள். சங்கரன்கோவிலில் அவள் வெகுகாலமாக இன்சூரன்ஸ் ஏஜென்ட். புதிதாகப் பாலிசி பிடிப்பதில் அவளைவிடக் கெட்டிக்காரர்கள் ஊரில் உண்டு. ஆனால் பாலிசி போட்டவர் இறந்துபோய், வாரிசு பெயரில் ஒரு எழுத்து மாறிக் கிடந்து, மேசை மேசையாக அலைந்து சலித்த பெண்கள் கடைசியில் அவள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். கரிவலம்வந்தநல்லூர், திருவேங்கடம் என்று ஸ்கூட்டியில் சுற்றிச் சுற்றி அவளுக்கு ஒரு பக்கத் தோள்பட்டை இறங்கியே போய்விட்டது என்று கணவர் எபினேசர் கேலி செய்வார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேலநீலிதநல்லூரில் ஒரு பட்டாளத்துக்காரர் மனைவிக்காக அவள் ராணுவ அலுவலகத்துக்கு எழுதிப்போட்டாள். எத்தனையோ காலத்துக்கு முந்திய பணிக்குறிப்பை அவர்கள் தேடி எடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்று மத்தியானம் சாப்பிடும்போது அந்தக் கதையைச் சொன்னாள். எதிரில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா பாக்கியத்தாய் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏட்டி, ஊரான் வீட்டுப் பட்டாளத்துக்காரருக்கெல்லாம் பேப்பர் எடுத்துக் குடுக்கியே, எங்கப்பாவுக்கு எடுக்க முடியாதா?"

"தாத்தாவுக்கு எதுக்கும்மா இப்பப் போயி? பென்சனா வரப்போவுது?"

"பென்சன் கெடக்கட்டும். அவரு ஓடி வந்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

சுகிர்தா நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

அம்மாவைப் பெற்ற தாத்தா வேதமாணிக்கம், சுகிர்தா கைப்பிள்ளையாக இருந்தபோதே இறந்துபோனார். வெள்ளைக்காரன் காலத்தில் இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது கப்பல் படையில் சேர்ந்தார். சண்டை முடியும் முன்பே ஊருக்கு வந்துவிட்டார். வந்தவர் பஞ்சு அரவை ஆலையில் காவலாளியாகப் போய்ச் சேர்ந்தார். கடலைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. உள்ளங்கை இரண்டிலும் ரேகையே கிடையாது. மழமழவென்று, மெழுகு தேய்த்த மாதிரி இருக்கும். சின்ன வயதில் பாக்கியத்தாயும் தெருப்பிள்ளைகளும் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களாம். கேட்டால், "கரி அள்ளுன கை" என்பார். அவ்வளவுதான்.

பேசாதவரைப் பற்றி ஊர் பேசிற்று. கப்பலில் இருந்து பயந்து ஓடி வந்தவர் என்று ஒரு பேச்சு கிளம்பி, அதுவே நிலைத்துவிட்டது. பாக்கியத்தாயின் கல்யாணப் பந்தியிலேயே மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் சத்தமாகச் சொன்னார். பரிமாறிக்கொண்டிருந்த வேதமாணிக்கம் கேட்டும் கேளாதவர் போல அடுத்த இலைக்குப் போனார். அதைப் பார்த்த மணப்பெண்ணுக்கு இப்போது எழுபத்தேழு வயது. இத்தனை காலமும் அதை மனசுக்குள் வைத்திருந்திருக்கிறாள்.

சுகிர்தா மும்பைக்கு எழுதினாள். கடற்படையின் பழைய ஆவணங்களைப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து நெடுநாள் கழித்துப் பதில் வந்தது. சங்கரன்கோவிலைச் சேர்ந்த வேதமாணிக்கம் என்று எவரும் பதிவில் இல்லை.

"சரி, விட்டுருதியா?" என்றார் எபினேசர், அவள் விடமாட்டாள் என்று தெரிந்தே.

"இல்லைன்னுதான முதல்ல சொல்லுவாங்க" என்றாள்.

வேலை விஷயமாக எத்தனையோ வீட்டுப் பழைய பத்திரங்களைப் புரட்டியவள் அவள். அந்தப் பத்திரங்களில் ஊரின் பெயர் சங்கரநயினார்கோவில் என்றுதான் இருக்கும். அது சட்டென்று உறைத்தது. ஊருக்கே வேறு பெயர் என்றால், ஆள் பெயரை வெள்ளைக்காரன் எப்படி எழுதியிருப்பான்? மும்பைக்குப் போன் போட்டு, அரைகுறை இந்தியில் அங்கிருந்த அம்மாளிடம் கேட்டாள். அந்தக் காலத்தில் காதில் விழுந்தபடிதான் எழுதுவார்கள் என்று அவரும் சொன்னார்.

அன்று சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து, தாத்தா பெயரை வெள்ளைக்காரன் வாயால் சொல்லிப் பார்த்தார்கள். "வேடமானிக்... வெத்தமோனி..." என்று எபினேசர் நாக்கைச் சுழற்ற, பாக்கியத்தாய் பொய்க்கோபத்தோடு அதட்டினாள்: "செத்த மனுசன் பேரைப் போட்டு இந்தப் பாடு படுத்துதியளே!" தோன்றிய பெயர்களையெல்லாம் எழுதி, பழைய ஊர்ப் பெயரையும் போட்டு மறுபடி அனுப்பினாள் சுகிர்தா. அப்படியும் பதில் இல்லாமல் ஒரு மழைக்காலம் போனது. நடுவில் இரண்டு தடவை நினைவூட்டி எழுதினாள்.

பதில் வந்த அன்று அவள் திருவேங்கடம் பஸ் நிலையத்துப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தாள். போனில் படமாக வந்த தாள்களை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பெயர் 'வேட்டமோனிக்'. ஊர், சங்கரநயினார்கோவில். வயது பதினெட்டு. முன்பு செய்த தொழில், விவசாயம். நீச்சல் தெரியுமா என்ற இடத்தில், தெரியாது. வேலை, கப்பலின் அடியில் கொதிகலனுக்குக் கரி போடுவது. கப்பலின் பெயர் 'பெண்ணாறு'. கடலில் எதிரி போட்டுவைத்த கண்ணிவெடிகளை வாரி எடுக்கும் சின்னக் கப்பல்.

டீ ஆறிப்போனது. நாலா பக்கமும் கரிசல் காடு. கண்மாயைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காத ஒரு பையன் இந்த மண்ணிலிருந்து கிளம்பி, நீச்சல்கூடத் தெரியாமல், வெடி மிதக்கும் கடலுக்குப் போயிருக்கிறான். அவளுடைய மகன் அந்த வயதில் பைக் கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தான்.

கடைசி வரியில், காயத்தால் உடல்தகுதி இழந்து நற்சான்றுடன் விடுவிக்கப்பட்டார் என்று இருந்தது. அதற்கடுத்த தாள் கப்பல் தலைவர் எழுதிய அறிக்கை. அதை அவள் அங்கே வைத்துப் படிக்கவில்லை. அம்மா இல்லாமல் படிக்க மனசு வரவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தாள்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். பர்மா கரையோரம் கப்பலின் அடியில் வெடி வெடித்தது. கொதிகலன் அறை கிழிந்து கடல் உள்ளே வந்தது. ஆவிக்குழாய்களும் உடைந்தன. வேதமாணிக்கம் பக்கத்து அறைக்கு ஏறித் தப்பிவிட்டார். தப்பியவர் திரும்ப உள்ளே போய் ஒருவரை இழுத்து வந்தார். மறுபடியும் போகத் திரும்பினார். அப்போது தண்ணீர் இடுப்புக்கு மேல் வந்துவிட்டது. கதவை அடைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நடுவில் இருந்த இரும்புக் கதவை அடைக்காவிட்டால் கப்பல் மொத்தமும் போகும். அதை ஒரு சக்கரத்தைச் சுற்றித்தான் அடைக்க முடியும். ஆவி பட்டு அந்தச் சக்கரம் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வேறு ஆள் இல்லை. அவர் வெறுங்கையால் அதைக் கடைசிவரை சுற்றி அடைத்தார்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள்.

கப்பல் முழுகவில்லை. மற்ற அத்தனை பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள்.

பிறகு பாக்கியத்தாய், யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்.

"அப்பா வீட்டுல எந்தக் கதவையும் சாத்த விடமாட்டாரு. குளுருல நாங்க நடுங்குவோம். அம்மா ஏசுவா. 'தொறந்து கெடக்கட்டும், யாராவது வருவாங்க'ம்பாரு. யாருப்பா வாராங்கன்னு நாங்க சிரிப்போம்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுகிர்தா அம்மாவின் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஓடி வந்தவர் இல்லை என்று தெரிந்ததும் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது வேறு என்னவோ. மலையை ஒட்டி நின்றுகொண்டு அண்ணாந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

அதன்பிறகு அவளுக்குத் தாத்தா நின்ற மாதிரி ஒரு இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் போகவேயில்லை. பெண்ணாறு எப்போதோ உடைக்கப்பட்டுவிட்டது. அவளிடம் பாலிசி போட்டிருந்த பீர் மைதீன், சரக்குக் கப்பலில் என்ஜினியர். தூத்துக்குடிக்கு அவன் கப்பல் வந்தபோது, கப்பல் தலைவரிடம் அனுமதி கேட்டு, துறைமுகத்துக்குப் பாஸும் வாங்கிக் கொடுத்தான். அம்மாவும் பிடிவாதமாகக் கூடவே வந்தாள். அவளை மேல்தளத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, சுகிர்தா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பீர் மைதீனோடு இறங்கினாள்.

ஏணி, அதற்குக் கீழே இன்னொரு ஏணி. போகப் போக வெயில் வெளிச்சம் மறைந்து எண்ணெய் வாடையும் சூடும் ஏறின. அடியில் வந்ததும் பீர் மைதீன் சுவரில் கை வைத்தான்.

"அக்கா, இந்தத் தகட்டுக்கு அந்தப் பக்கம் கடல்தான். நம்ம தலைக்கு மேலயும் கொஞ்சம் தண்ணி நிக்கி."

அவளும் கை வைத்தாள். இரும்பு குளிர்ந்திருந்தது. அதற்கப்பால் ஏதோ பெரிய உயிர் மூச்சுவிடுவது போல மெல்ல அதிர்ந்தது. மூலையில் கனத்த இரும்புக் கதவு ஒன்று திறந்திருந்தது. பீர் மைதீன் காட்டாமலே அது எந்தக் கதவு என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தப்பக்கம் போய் நின்றாள்.

"தம்பி, ஒரு நிமிசம் சாத்து."

"அக்கா, வேண்டாமே."

"சாத்துப்பா. நான் இங்கன நிக்கேன்."

கதவு வந்து பொருந்தியது. மறுபக்கம் சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. அது சட்டென்று முடிகிற வேலை இல்லை. சுற்றச் சுற்ற, இரும்பு இரும்பைக் கடித்து நெரிந்தது. உள்ளே இருந்தவர்கள் இதைக் கேட்டிருப்பார்கள். வெளியே நின்றவர், அவர்களுக்குக் கேட்கிறது என்று தெரிந்தே சுற்றியிருப்பார். பதினெட்டோ பத்தொன்பதோ வயதில், கை வெந்துகொண்டிருக்க, ஒவ்வொரு சுற்றாக. வாய்விட்டு ஜெபிக்கப் பார்த்தாள், வார்த்தை வரவில்லை.

மேலே வந்தபோது கண் கூசியது. பாக்கியத்தாய் அவள் முகத்தையே பார்த்தாள்.

"எப்படிட்டி இருந்துச்சு?"

"என்னால சொல்ல முடியலம்மா."

பாக்கியத்தாய் தலையை ஆட்டினாள். "அவராலயும் முடியல" என்றாள்.

பிறகு கடலைப் பார்த்தபடியே கேட்டாள்: "அந்த மூணு பேரு ஊரும் அந்தப் பேப்பர்ல இருக்கா?"

இருந்தது. ஒருவர் மராட்டியத்து ரத்தினகிரிக்காரர், ஒருவர் சிட்டகாங், ஒருவர் பஞ்சாபில் ஏதோ கிராமம். பெயர்கள் எல்லாம் வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி. இப்போது சுகிர்தா அந்தப் பெயர்களை விதவிதமாக எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தங்கள் ஆள் எங்கே, எப்படிப் போனார் என்று அந்த வீடுகளில் யாருக்காவது தெரியுமோ தெரியாதோ. ரத்தினகிரிக்கு முதல் கடிதம் போய்விட்டது. அப்படி ஒரு குடும்பம் இங்கே இல்லை என்று பதிலும் வந்துவிட்டது. அவள் இரண்டாவது கடிதம் எழுதியிருக்கிறாள்.