பலவேசம் ஓட்டிய விமானம்

குற்றாலத்தில் வீடியோ கேம் கடை போட்டிருக்கும் பலவேசம் விமானப்படையில் பைலட்டாக இருந்தவராம். எண்பத்தாறாம் வருஷ அருவி சீசனில் இப்படி ஒரு பேச்சு. தென்காசியில் அவர் சொந்தக்காரர்களிடம் விசாரித்தால், "படையில இருந்தது வாஸ்தவம். மிச்சத்த அவாள்ட்டயே கேளுங்க" என்று சிரித்தார்கள்.

பலவேசம் இல்லையென்று சொன்னதே இல்லை. பைலட்டின் கடை என்றுதான் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கடையில் இருந்த விமான விளையாட்டும் சாதுவானது, சுடப்பட்ட விமானி சாகாமல் குடை விரித்து இறங்கிவிடுவான். அருவிக்குப் போகிறவர்கள் எண்ணெய்க் கையோடு விளையாடுவார்கள் என்பதால், விமானத்தைத் திருப்பும் பிடியை அடிக்கடி சீயக்காய் போட்டுத் துடைப்பார்.

ஒருநாள் சுரண்டையிலிருந்து வந்த நீலா அந்த விளையாட்டில் ரேஸுக்கு அவரையே கூப்பிட்டாள். கூட்டம் கூடிவிட்டது. முதல் மலையிலேயே பலவேசம் மோதினார்.

"பிடி வழுக்குது" என்றார்.

"இப்பத்தான தொடச்சிய அண்ணாச்சி? எங்க வீட்டுக்காரரும் ஏர்ஃபோர்ஸ்தான். நீங்க எங்கன ஓட்டுனிய?"

பொய் சொன்னால் அவள் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுவாள்.

"மெஸ்ஸுல பதினஞ்சு வருசம் வெங்காயம் உரிச்சேன் தாயி. ஒருநாளும் பிளேன்ல ஏத்தல."

சாயங்காலத்துக்குள் அவர் வெங்காயப் பலவேசம் ஆகிவிட்டார். குடும்பங்கள் பக்கத்து ராட்டினத்துக்கு நகர்ந்தன. சீசன் முடியுமுன்பே கடையைக் கட்டினார்.

ரேஸ் ஆடிய அன்று கிளம்பும்போது நீலா, "பஸ்ஸுக்கு நேரமாச்சு. இன்னொரு ரேஸ் பாக்கி வச்சுக்கிடுங்க, வந்து ஆடுதேன்" என்று சொல்லியிருந்தாள்.

இன்னும் வரவில்லை.