வயிற்றில் துடித்தது

அன்று அந்த அறையில் ஆறு பேர் இருந்தோம். கட்டிலில் சட்டையைத் தூக்கிவிட்டுப் படுத்திருந்த என் வீட்டுக்காரர். கால்மாட்டில் நானும் என் ஓரகத்தியும். அந்தப் பக்கம் டாக்டரம்மா, டாக்டருக்குப் படிக்கும் இரண்டு பெண்கள்.

டாக்டரம்மா தொப்புளுக்கு மேலிருந்த வீக்கத்தின் இரு பக்கமும் விரல்களை வைத்து, “பல்சடைல்” என்றார். மாணவிகளும் தொட்டுப் பார்த்து அதையே சொன்னார்கள். எட்டாவதோடு நின்றவள் நான். பல்ஸ் தெரியும், மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பது. இது என்னவென்று தெரியவில்லை.

டாக்டரம்மா ஸ்கேனுக்கு எழுத நகர்ந்ததும் ஒரு மாணவியைக் கேட்டேன். “அதுக்கு இன்னாம்மா அர்த்தம்?”

“விட்டு விட்டுத் துடிக்குதுன்னு அர்த்தம்க்கா.”

“துடிச்சா நல்லதுதானே?”

“நெஞ்சு துடிக்கலாம், நாடி துடிக்கலாம். கட்டி துடிக்கக் கூடாதுக்கா. உள்ள பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி ஊதியிருக்கலாம். அந்த எடத்த அமுக்கிடாதீங்க.”

ஓரகத்தியைப் பார்த்தேன். வயிற்றில் துடிப்புத் தெரிந்தால் குடல் ஏறிவிட்டது என்பார்கள் எங்கள் பக்கம். வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, கட்டைவிரலால் அழுத்தி இறக்குவார்கள். மூன்று நாளாக அழுத்தியது அவள்தான். அன்று காலையில்கூட.

“தம்பிதான் இன்னும் நல்லா அமுக்கு அண்ணின்னுச்சு,” என்றாள், யாரும் கேட்காமலே.

“விடு அண்ணி, எனக்கு ரெண்டு நெஞ்சுன்னு வெச்சுக்கோ,” என்றார் இவர்.

“சும்மா கெடய்யா,” என்றேன்.

ஸ்கேனும் அந்த மாணவி சொன்னதையேதான் சொன்னது. தள்ளிப்போடாதீர்கள், வெடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர நேரம் இருக்காது என்றார் டாக்டரம்மா. ஊதிய ரத்தக்குழாய்க்குள் வைக்கிற செயற்கைக் குழாய் வெளியிலிருந்து வர வேண்டும். முழுப் பணமும் கட்டினால்தான் அதை விற்கிற குழாய்க்காரர் அனுப்புவார்.

அதுவரை அவர் இருமினால் நான் எழுந்து நிற்கிறேன். தண்ணீர்க் குடத்தைத் தொட விடுவதில்லை. மத்தியானம் அவர் கண்ணயர்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றையே பார்க்கிறேன். மேலே போட்ட துண்டு லேசாக ஏறி இறங்குகிறது. ஏறினால் பயம். ஒரு நொடி அசையாவிட்டால் அதைவிடப் பயம்.

சங்கிலியை அடகு வைத்தோம். சேதராப்பட்டு கம்பெனியில் என் சம்பளத்தில் அட்வான்ஸ் வாங்கினேன். ஓரகத்தி, கேட்காமலே, தன் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அதெல்லாம் கட்டியது போக, குழாய்க்காரருக்கு இன்னும் அறுபத்தைந்தாயிரம் ரூபாய் பாக்கி.