டிஸ்க் பிரேக்கும் செல்வியும்

நேற்று தொப்பூர் கணவாயில் ஒரு லாரிக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தேன். சூடேறிய பிரேக் லைனிங்கின் நாற்றம் ஜன்னல் வழியே உள்ளே வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு என் அம்பாசிடரின் பழைய நாட்களும், அதில் ஏறவே மாட்டேன் என்று இரண்டு வருஷம் அடம்பிடித்த என் மனைவி செல்வியும்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

அப்போது நாலு சக்கரத்திலும் ட்ரம் பிரேக். வண்டிக்கும் வயசாகிவிட்டது. பெடலை ஒருமுறை மிதித்தால் அதற்குச் சேதி போகும், இரண்டாம் முறை யோசிக்கும், மூன்றாம் முறைதான் நிற்கும். அதனால் ஒரு பர்லாங்குக்கு முன்பே மிதிக்கத் தொடங்கிவிடுவேன். இதைத் திறமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒகேனக்கல் மலைப்பாதை வளைவில், ஆள் ஏற்றிக்கொண்டு நின்ற பஸ்ஸுக்கு ஒரு சாண் பின்னால் போய் நின்றோம். செல்வி கதவைத் திறந்து இறங்கினாள்.

"இது நிக்கிற வண்டியானப்பறம் சொல்லுங்க, வரேன்."

அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

அதன்பின் எந்த விசேஷமானாலும் அவள் பஸ்ஸில், நான் சீர்த்தட்டோடு காரில். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டினார்கள். பாலக்கோட்டிலிருந்து மச்சான் சமாதானம் பேசவே வந்துவிட்டார். பிரேக்தான் காரணம் என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்? வெட்கமாக இருந்தது. அவள் இல்லாத வண்டி பிடிக்கவும் இல்லை.

கடைசியில் தருமபுரி மெக்கானிக் மாதையனிடம் போனேன். முன்சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க் போடலாம், ஆனால் பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து மாற்றினால்தான் பிரயோஜனம் என்றார். சேலத்தில் சாமான் தேடி, டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைப் பிடிக்க இரும்புத் தகடு வெட்டி, பத்து நாள் ஆனது. பத்து நாளும் பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவனைப்போல் நின்றேன்.

முதல் ஓட்டத்திலேயே பழக்கதோஷத்தில் ஓங்கி மிதித்தேன். வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த கரும்பு டிராக்டர்காரர் இறங்கிவந்து என் குடும்பத்தையே விசாரித்தார்.

"கால சும்மா வைங்க, அதுவே நிக்கும்," என்றார் பக்கத்து சீட்டிலிருந்த மாதையன்.

செல்வி அவ்வளவு லேசில் நம்பவில்லை. தெருவில் கோலமாவால் ஒரு கோடு இழுத்து, அதில் நிறுத்திக் காட்டச் சொன்னாள். மூன்று தடவை நிறுத்தினேன். உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து, முன்சீட்டில் உட்கார்ந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முன்பெல்லாம் ஒவ்வொரு வளைவுக்கும் தன் காலடித் தகட்டைப் பிரேக் மாதிரி அவளும் சேர்ந்து மிதிப்பாள். "லாரி வருதுங்க, ஓரமாப் போங்க" என்று எனக்கும் சேர்த்து ரோட்டைப் பார்ப்பாள். இப்போது பென்னாகரம் தாண்டினால் தூங்கிவிடுகிறாள். சந்தோஷம்தான். ஆனால் இந்த வண்டியை நாங்கள் இரண்டு பேராக ஓட்டிய காலம் போய்விட்டது.