பள்ளிக்கூடத்துக்கு இடம் பார்த்த கோடை

நான் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்ற பள்ளிக்கூடத்தில் ஒரு கூடம், அதையொட்டி இரண்டு அறைகள், பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அவ்வளவுதான். தஞ்சாவூருக்கு வெளியே சுற்றிலும் வயலாக இருந்த காலத்தில், ஒரு சின்னக் கிராமத்துப் பிள்ளைகளை மனதில் வைத்துக் கட்டியது. பிறகு வயல்கள் ஒவ்வொன்றாக நகர்களாயின. மருத்துவக் கல்லூரியில் வேலை பார்ப்பவர்கள் வீடு கட்டினார்கள். அதிராம்பட்டினம் பக்கமிருந்து, ஆண்கள் துபாய்க்குப் போய்விட்ட குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்புக்காக வந்து குடியேறின. ஒவ்வொரு நகருக்கும் ஒரு தலைவரின் பெயரை வைத்தார்கள், பலகை நட்டார்கள், கொடியேற்றி மேடை போட்டுப் பேசினார்கள். இத்தனை வீட்டுப் பிள்ளைகளும் எங்கே போய் உட்காரும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

கூடத்தில் நான்கு வகுப்புகள் நடந்தன. பிள்ளைகள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தார்கள். ஒரு மூலையில் வாய்ப்பாடு, இன்னொரு மூலையில் செய்யுள், நடுவில் ஆங்கில எழுத்துகள். ஏழாம் வாய்ப்பாட்டின் இடையில் செய்யுள் வரியைச் சேர்த்து ஒப்பித்த பையனை நான் அடிக்கவில்லை, அவன் மேல் என்ன தப்பு. தகரக் கொட்டகையில் பன்னிரண்டு மணிக்கு மேல் பாடம் நடத்துவதும் வேகவைப்பதும் ஒன்றுதான். கழிப்பறை கிடையாது. பெரிய பெண்பிள்ளைகள் காலையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவார்கள். எனக்கும் அதே பழக்கம்தான்.

ஒரு பங்குனித் தொடக்கத்தில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். விழவும் இடமில்லை, பக்கத்தில் இருந்தவள் மடியில் சரிந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வர நடைபாதை இல்லை. உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் தலைக்கு மேலே, கை மாற்றிக் கை மாற்றித்தான் வெளியே கொண்டுவந்தோம். செய்தி கேட்டு அவளுடைய அப்பா ஓடிவந்தார். உளுந்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த கை, நகமெல்லாம் மண். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"காலையில சாப்பிட்டுத்தான் டீச்சர் வந்துச்சு. தண்ணிதான் குடிக்க மாட்டேங்குது," என்றார்.

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு வாய் நீளம். அன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதிய மனுதான் நான் எழுதியதிலேயே கடுமையான மனு. அடுத்த பிள்ளை செத்தால்தான் கட்டடம் வருமா என்று கேட்டிருந்தேன்.

அதிசயமாக அதற்குப் பலன் கிடைத்தது. கட்டடத்துக்கு அனுமதி வந்தது. ஆனால் இடத்தை நாங்கள்தான் காட்ட வேண்டுமாம். ஆனியில் பள்ளி திறப்பதற்குள் காட்டாவிட்டால் வேறொரு ஒன்றியத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம். எனக்கு இருந்தது ஒரே ஒரு கோடை.

அன்றிலிருந்து குடையும் செருப்புமாக அலைந்தேன். புறம்போக்கு என்று கணக்கில் இருந்த இடத்திலெல்லாம் குடிசை இருந்தது, குடிசைக்கு முன்னால் ஏதாவது ஒரு கட்சிக் கொடி இருந்தது. கோயில் நிலத்தைக் கேட்டால் அது வழக்கில் இருக்கிறது என்றார்கள். தூர்ந்துபோன குட்டை ஒன்றைக் காட்டினார்கள், அதற்குள்ளும் யாரோ கல் நட்டுவிட்டிருந்தார்கள். ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பைக் குறைத்ததிலிருந்து இந்தப் பக்கத்தில் நிலம் என்று வாயைத் திறந்தாலே ஆளுக்கு ஒரு பக்கம் முறைப்பார்கள். வைத்திருப்பவருக்குப் போய்விடுமோ என்ற பயம், உழுபவருக்கு வெளியேற்றிவிடுவார்களோ என்ற பயம்.

இந்த நிலையில்தான் மிராசுதார் ஆள் அனுப்பினார். எங்கள் பள்ளிக்கு வடக்கே, வாய்க்கால் ஓரம் அவருக்கு மூன்றரை ஏக்கர் ஒரே புலமாக இருந்தது. அதில் ஒரு ஏக்கரைப் பள்ளிக்கூடத்துக்குத் தானமாகத் தருகிறேன் என்றார். வீட்டுக்குப் போனேன். நாற்காலி போடச் சொல்லி, மோர் கொடுக்கச் சொல்லி, மிகவும் மரியாதையாகத்தான் பேசினார்.

"பிள்ளைங்க படிக்கட்டும் டீச்சர். நாம என்ன தலையில கட்டிக்கிட்டா போகப்போறோம்? நீங்க இடம் காலியா இருக்குன்னு ஒரு சான்று மட்டும் எழுதிக் குடுத்துடுங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையாகவே அந்த மனிதரைக் கும்பிட்டேன்.

சித்திரை கடைசியில் அதிகாரி இடம் பார்க்க வந்தார். மேற்கே எங்கோ மானாவாரிச் சீமைக்காரர், மாற்றலாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. கூடவே கிராமத்துக் கணக்குப்பிள்ளை, கக்கத்தில் அடங்கல் ஏட்டோடு. யார் எந்த வயலில் என்ன பயிர் வைத்தார்கள் என்று வருடா வருடம் எழுதும் ஏடு அது. அதில் குத்தகைதாரரின் பெயர் எங்குமே இராது. இந்தப் பக்கத்துக் குத்தகையெல்லாம் வாய்ப்பேச்சு. நெல்லை அளந்து கொடுத்தால் ரசீது கேட்பது மரியாதை இல்லை என்று நினைக்கும் ஊர். சட்டம் உழுபவனைக் காப்பாற்றும், ஆனால் உழுகிறான் என்று யாராவது எழுதியிருக்க வேண்டும்.

வயல் வெடித்துக் கிடந்தது. உளுந்து எடுத்தபின் ஒரு பச்சை இல்லை. சித்திரையில் தஞ்சாவூர்ச் சீமை முழுவதும் அப்படித்தான் கிடக்கும். மேட்டூரில் தண்ணீர் திறந்து ஆறு வழியாக வாய்க்காலுக்கு வந்தால்தான் அதற்கு உயிர். அதிகாரி வரப்பில் நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"பொட்டலா இருக்கே. இதுல ஒண்ணும் பயிர் பண்றதில்லையா?" என்றார்.

"மொதலாளி சொந்த நிலந்தாங்க ஐயா. ஒரு வில்லங்கமும் கிடையாது," என்றார் கணக்குப்பிள்ளை.

நான் வடகிழக்கு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பாய் அகலத்துக்கு மண் புரண்டிருந்தது. மூன்று சுற்று உழுத சால். ஓரத்தில் காய்ந்த பூச்சரம், உடைத்த தேங்காயின் ஓடு ஒன்று. நல்லேர். சித்திரை பிறந்ததும் நல்ல நாள் பார்த்து, மாட்டுக்குப் பொட்டு வைத்து, அவரவர் வயலின் மூலையில் பேருக்கு நாலு சால் ஓட்டி அந்த வருடத்தைத் தொடங்குவார்கள். அடுத்தவன் வயலில் யாரும் நல்லேர் கட்டுவதில்லை. மிராசுதார் வீட்டில் மாடே கிடையாது. இந்த நிலத்தை ஒருவர் உழுகிறார், தண்ணீர் வந்ததும் குறுவை போட இருக்கிறார் என்பதை அந்த மூலை எழுதி ஒட்டியதுபோலச் சொன்னது. திருவாரூருக்குப் பக்கத்தில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்த எனக்கு அது தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியே இல்லை. என் அப்பா ஏர் பிடிக்க, நான் தேங்காய்த் தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் போயிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளையும் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதிகாரிக்கு மட்டும் அது வெறும் மண்.

வாயைத் திறந்திருந்தால் ஒரு வரி போதும். இந்த நிலத்தில் சாகுபடி இருக்கிறதுங்க ஐயா. அவ்வளவுதான். சொல்லியிருந்தால் அதிகாரி ஜீப்பில் ஏறிப் போயிருப்பார், கட்டடம் வேறு ஒன்றியத்துக்குப் போயிருக்கும், ஆனியில் நான் மறுபடி அந்தக் கூடத்தில் பிள்ளைகளை அடுக்கிக்கொண்டிருப்பேன். ஒரு ஏக்கர்தானே, மிச்சம் இரண்டரை ஏக்கரை அவர் உழுதுகொள்ளட்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உழுகிறவர் யார் என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே என்றுதான் கேட்கவில்லை.

சான்றைக் கணக்குப்பிள்ளையே எழுதிக் கொண்டுவந்திருந்தார். ஜீப்பின் முகப்பில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். இரும்பு சுட்டது. நிலம் சாகுபடியின்றிக் காலியாக உள்ளது என்பதை மட்டும் படித்தேன். புல எண்ணுக்குப் பக்கத்தில் 'முழுவதும்' என்று ஒரு சொல் இருந்ததைப் படிக்கவில்லை. பிள்ளைகளிடம் ஒரு கால்புள்ளியை விட்டாலும் காதைத் திருகுகிறவள் நான்.

வைகாசி கடைசியில், சேர்க்கைக்கான வேலையாகப் பள்ளியில் தனியாக இருந்தபோது அவர் வந்தார். மயங்கி விழுந்த பெண்ணின் அப்பா. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

"வாய்க்கா ஓரத்து நிலம் நான் உழுவுறது டீச்சர். எங்கப்பா காலத்துலேருந்து. இப்ப மூணரையும் காலி நிலம்னு சொல்லி எறங்கக் கூடாதுங்கறாங்க. விவசாயிங்க சங்கத்துல சேந்து மனு போட்டிருக்கோம். அடுத்த வாரம் தாலுகா ஆபீசுல விசாரணை. நான் உழுதத பாத்திருக்கேன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்ங்கறாங்க. கவர்மெண்டு ஆளு எழுதினா எடுபடுமாம்."

என் கையெழுத்தைப் பற்றி அவருக்குத் தெரியுமா, தெரியாமல்தான் கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நான் அப்படியெல்லாம் எழுதக் கூடாதுங்க. டிபார்ட்மெண்ட்ல கேள்வி வரும்," என்றேன்.

"சரிங்க டீச்சர். கேட்டுப் பாப்போம்னுதான் வந்தேன்," என்று திரும்பினார். படியிறங்கும்போது, "பாப்பா நல்லா இருக்கு. இப்ப தண்ணி குடிக்குது," என்றார். நான் கேட்கவேண்டியதை அவரே சொல்லிவிட்டுப் போனார்.

எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? காலி என்று எழுதிய கையே சாகுபடி என்று எழுதினால் வேலை போகும். மாமனார் மாமியார், இரண்டு பிள்ளைகள், வேலையில்லாத கணவர், எல்லோரும் என் சம்பளத்தில் இருந்தார்கள். இதையெல்லாம் அன்று நினைத்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா என்பதுகூட இப்போது எனக்குச் சரியாக விளங்கவில்லை. பயந்தேன் என்பது மட்டும் நிச்சயம்.

விசாரணைக்கு நான் போகவில்லை. போனவர்கள் வந்து சொன்னார்கள். உழுகிறான் என்பதற்கு எழுத்து எங்கே என்று கேட்டார்களாம். சங்கத்துக்காரர்கள் ஊரே சாட்சி என்றார்களாம். ஊருக்கு இந்த நிலத்தில் என்ன வேலை, பள்ளித் தலைமையாசிரியையே காலி என்று எழுதியிருக்கிறார், அந்த அம்மாவுக்குப் பொய் சொல்ல என்ன அவசியம் என்று கேட்டு மனுவைத் தள்ளிவிட்டார்களாம். ஆற்றில் தண்ணீர் வந்த அன்று சங்கத்துக்காரர்கள் வயலில் இறங்கிச் செங்கொடி நட்டார்கள். போலீசார் அவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பள்ளி வாசலைக் கடந்துதான் வேன் போனது. நான் உள்ளே உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடிக்கல் நாட்டு விழாவில் மிராசுதாருக்குக் கல்வி வள்ளல் என்று பட்டம் கொடுத்தார்கள். ஒன்றியத் தலைவர் எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார். மேடையில் நின்றபோது மிச்சம் இரண்டரை ஏக்கரிலும் மனைக்கல் நட்டிருப்பது தெரிந்தது. பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது என்று பலகையில் பெரிதாக எழுதியிருந்தார்கள். உச்சவரம்புக்கும் போகாமல், குத்தகைதாரருக்கும் போகாமல் அந்த நிலம் தப்பித்துக்கொண்டது. நான் வாங்கிக்கொடுத்த விடுதலை. அந்த மனைகளில் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளால் மூன்றாம் வருடமே புதிய கட்டடமும் நிரம்பி, வராந்தாவில் வகுப்பு வைத்தோம். அது பிற்பாடு நடந்தது.

அடிக்கல் நாட்டிய மறுவருடம், புதிய கட்டடத்தில் முதல் சேர்க்கை. காற்றோட்டமான ஐந்து அறைகள், கழிப்பறை, அடிகுழாய். உண்மையைச் சொன்னால், காலையில் அந்த வராந்தாவில் நடக்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷப்பட்டதற்காக என்னை நானே திட்டிக்கொள்வேன், மறுநாளும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

மயங்கி விழுந்தவளின் அப்பா இளைய மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார், ஒன்றாம் வகுப்பில் சேர்க்க. பெரியவள் ஏற்கெனவே உள்ளே ஏழாம் வகுப்பில் இருந்தாள். வேறு பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது, அவர் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்? அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"இந்த எடம் பள்ளம் டீச்சர். ஐப்பசி மழையில மொழங்கால் அளவு தண்ணி நிக்கும். மேடு கட்டினாங்களா?"

"கட்டியிருக்காங்க," என்றேன்.

"அப்ப சரி."

சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தேன். பிள்ளையின் பெயர், பிறந்த நாள், அப்பா பெயர். அடுத்த கட்டம் தொழில். பெரியவளுக்கு எழுதிய பழக்கத்தில் கை தானாகவே விவசாயம் என்று எழுதிவிட்டது. அவருக்குக் கொஞ்சம் படிக்கத் தெரியும். குனிந்து பார்த்தார்.

"அத அடிச்சுடுங்க டீச்சர். கூலின்னு போடுங்க. நாளைக்கிப் பிள்ளைக்கு ஏதாச்சும் உதவி வாங்கணும்னா, உள்ளபடி இருந்தாத்தான் குடுப்பாங்களாம்."

அவர் குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. பிள்ளைக்கு ஆக வேண்டியதைப் பார்த்தார், அவ்வளவுதான். நான் விவசாயத்தின் மேல் ஒரு கோடு இழுத்து, மேலே கூலி என்று எழுதினேன். பதிவேட்டில் அடித்து எழுதினால் பக்கத்தில் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட வேண்டும், அது விதி. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். போட்டேன்.