எங்கள் வீட்டுச் சேப்பர்

இது நான் ஜெயித்த கதை. அடக்கமாகச் சொல்லும் உத்தேசம் எனக்குத் துளியும் இல்லை. பழனிசெட்டிபட்டியில் மோட்டாரும் சொட்டுநீர்க் குழாயும் விற்கிற குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள், பெற்ற பெண்ணுக்குத் தன் அப்பாவின் பெயரை வைத்தேன். அதுவும் ஒரு ஜெர்மன்காரப் பெயரை.

அப்பாவின் பெயர் சேப்பர். கடமலைக்குண்டுக்குப் பக்கத்தில் வெங்காயமும் தென்னையும் வைத்திருக்கிற விவசாயிக்கு இப்படி ஒரு பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்காத ஆள் கிடையாது. பேங்கில் கேட்பார்கள், ரேஷன் கடையில் கேட்பார்கள், ஓட்டுப் போடப் போனால் அங்கேயும் ஒருவர் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். அப்பாவும் சளைக்காமல், "வெள்ளக்காரச் சாமியார் பேருங்க" என்பார்.

அப்பாவின் தாத்தா கைக்குழந்தையாக இருந்த காலத்தில் மலையடிவாரத்தில் குளிர்காய்ச்சல் வந்து வீட்டுக்கு ஓர் உயிரை வாரிக்கொண்டு போனதாம். அப்போது அங்கே இருந்த ஜெர்மன்காரப் பாதிரியார் கொயினா மருந்தோடு வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். பிழைத்த பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். எல்லோரும் அவரைக் கூப்பிட்ட பெயர் ஷேஃபர். எங்கள் ஊர் வாயில் அது சேப்பர் ஆகிவிட்டது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதுதான் எங்கள் பக்கத்து முறை. அந்தப் பேரன்தான் அப்பா.

அப்பாவுக்கு அந்தப் பெயரில் தனிப் பெருமை. பம்ப்செட் ரூம் சுவரில் நீலப் பெயிண்டால் தானே பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். ராஜாவுக்கு வைத்தியம் பார்க்கிறவர் என்று அதற்கு அர்த்தமாம். யார் சொன்னது என்று கேட்டால் கோபம் வந்துவிடும். அந்தக் கோபம் எனக்கும் அச்சு அசலாக வாய்த்திருக்கிறது.

பெருமை இருந்து என்ன, பெயருக்கு அடுத்த ஆள் இல்லை. அப்பாவுக்கு நாங்கள் இரண்டும் பெண். அக்கா கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டாள். இப்போது ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. மிச்சம் நான். என் மூத்த பையனுக்கு முறைப்படி மாமனார் பெயர் போய்விட்டது. அதில் வேறு ஒரு கூத்து. மாமனார் பெயரை நான் சொல்லக்கூடாது, புருஷன் பெயரை என் மாமியாரான அத்தையும் சொல்லக்கூடாது. ஆகவே நான் பையனைத் 'தம்பி' என்பேன், அத்தை 'பெரியவரே' என்பார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது டீச்சர் பையனின் பெயரைக் கேட்க, நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் என் கணவரின் முகத்தைப் பார்த்தோம். டீச்சர் எங்களைப் பற்றி என்ன நினைத்தாரோ தெரியாது.

இரண்டாவதும் பையனாக இருந்தால் அம்மா வழித் தாத்தாவின் பெயர். அதுவும் முறைதான். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் நான் உண்டாகியிருக்கிற சேதி கேட்டதிலிருந்து அப்பா வாராவாரம் இளநீர்க் குலையைக் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். பிறந்தது பெண். இரண்டாவதும் சிசேரியன் என்பதால் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனையும் அப்போதே முடித்துவிட்டார்கள். அப்பா பிள்ளையைத் தூக்கினார், கொஞ்சினார், நெற்றியில் சிலுவை போட்டார். கிளம்பும்போது வார்டு வாசலில் நின்று, "சரித்தா, நம்ம பேரு என்னோட முடிஞ்சுபோச்சு. அதனால என்ன, புள்ள நல்லா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அது அப்பாவுடைய சிரிப்பே இல்லை. தையல் போட்ட வயிற்றோடு படுத்துக்கொண்டு, ஏன் முடியவேண்டும் என்று எனக்குள்ளேயே சண்டை போட ஆரம்பித்தேன். இவளுக்கே அந்தப் பெயரை வைத்தால் என்ன?

கணவரிடம் சொன்னேன். "அம்மாகிட்டக் கேளு" என்று வழக்கம்போல நழுவிவிட்டார். அத்தை ஏற்கெனவே போனில் தேடி, 'ஷா', 'ஷிகா' என்று முடிகிற பெயர்களாகப் பொறுக்கி வைத்திருந்தார். தன் பெயரை வைக்கக்கூடாது என்பதிலும் கண்டிப்பாக இருந்தார். "எம் பேர மட்டும் வெச்சுறாதீக, பள்ளிக்கூடத்துல பிள்ளைக சிரிக்கும்" என்றவர், சேப்பர் என்றதும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அது ஆம்பளப் பேருல்ல? அதுவும் சம்பந்தி பேரு. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவக பேரு என்னனு கேட்டா என்னத்தச் சொல்ல?"

போகட்டும், அப்பாவாவது சந்தோஷப்படுவார் என்று போன் போட்டால் அவர் அதற்கு மேல் இருந்தார். "ஏத்தா, ஒனக்கென்ன கிறுக்கா? பொட்டப்புள்ளைக்கு எம் பேர வெச்சா ஊரே சிரிக்கும். சாமியாருக்கே அது மரியாதை இல்ல." யாருக்காகச் சண்டை போடுகிறேனோ அவரே எதிர்க்கட்சி. வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டு அக்காவுக்கு அடித்தேன். அந்தப் பெயர் என்னதான் பெயர், அங்கே யார் யாருக்கு இருக்கிறது என்று விசாரிக்கச் சொன்னேன்.

அக்கா சிரித்தாள். "அடியே, இங்க தடுக்கி விழுந்தா ஒரு சேப்பர் மேலதான் விழணும். எதிர்த்தாப்ல பேக்கரி சேப்பர், பல் வைத்தியர் சேப்பர். நான் ஒரு தடவ அப்பாகிட்டச் சொன்னேன், அவர் நம்பல."

மறுநாள் ஒரு வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அந்தப் பெயர்க்காரர்கள் அதிகம் இருக்கிற இடம் கறுப்பாக இருக்குமாம். ஜெர்மனியின் மேற்குப் பக்கம், ரைன் ஆற்றை ஒட்டியும் ஹெஸ்ஸன் என்கிற மாநிலத்திலும் கறுத்துக் கிடந்தது. கிழக்கே போகப் போக வெளிறியது. கப்பலேறிப் போனவர்கள் அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பக்கம் இருந்தார்கள். பிரேசிலின் தெற்கிலும் இருந்தார்கள். இந்தியா மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. பம்ப்செட் சுவரில் ஒரு மனிதர் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார், உங்கள் கணக்கில் அவர் இல்லையா? போனிலேயே விரலால் கடமலைக்குண்டு இருக்கிற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து ஸ்டேட்டஸில் போட்டேன். "என்ன இது, மோட்டார் கம்பெனி டீலர் மேப்பா?" என்று கணவர் கேட்டார். அன்று அவருக்குச் சாப்பாட்டில் அப்பளம் கிடைக்கவில்லை.

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும் அப்பா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அத்தையும் கூட வந்தார். வெங்காயம் எடுத்து முடித்த வயலில் கிடை போட்டிருந்தது. ஆடுகளை ராத்திரி வயலிலேயே அடைத்துவைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம் என்று அப்பா வருஷம் தவறாமல் கிடை போடுவார். தென்னை நிழலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, சொல்லி வைத்திருந்தபடி அக்கா வீடியோ காலில் வந்தாள். பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் அம்மா, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பு.

"அப்பா, இவுக எங்க டாக்டரம்மா. இவுக பேரு ஷேஃபர்."

அப்பா எழுந்து நின்றுவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டுச் சட்டைப் பித்தானைப் போட்டார். "பொம்பளைக்கு எப்படி அந்தப் பேரு?" என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டார். அந்த அம்மாவுக்குத் தமிழ் புரிந்துவிடும் என்பதுபோல் அவ்வளவு மெதுவாக.

அக்கா டாக்டரம்மாவிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். "அது ஒரு ஆளோட பேரு இல்லப்பா, குடும்பப் பேரு. இவுக அப்பாவுக்கும் அதுதான், தம்பிக்கும் அதுதான், இவுகளுக்கும் அதுதான். ஆம்பள பொம்பளனு கெடையாது. பல நூறு வருசமா அப்படியே வருதாம்."

"அப்ப நம்ம சாமியாரோட சொந்தப் பேரு?"

"யாருக்குத் தெரியும்? அத ஒருத்தரும் கேக்கலையே."

அப்பா உட்கார்ந்தார். மூன்று தலைமுறையாக ஒரு மனிதரின் வீட்டுப் பெயரை அவருடைய சொந்தப் பெயர் என்று நினைத்துச் சுமந்திருக்கிறோம். சிரிப்பு வந்தது, ஆனால் எனக்குச் சிரிக்க நேரம் இல்லை. "கேட்டுக்கிட்டீகளா? ஆம்பள பொம்பளனு கெடையாது" என்று இரண்டு தடவை சொன்னேன். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று அத்தைக்கு.

அத்தை லேசில் விடுகிறவரா? "பேருக்கு என்ன அர்த்தம்னு கேளுத்தா" என்றார். அக்கா கேட்டாள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். "ஆடு மேய்க்கிறவர்னு அர்த்தமாம்."

அந்தச் சமயம் பார்த்துக் கிடையிலிருந்து ஓர் ஆடு கத்தியது. ராஜாவும் போனார், வைத்தியமும் போனது. எங்கள் பக்கம் படிக்காத பிள்ளையைத் திட்டுகிற வார்த்தையே 'ஆடு மேய்க்கத்தான் லாயக்கு' என்பதுதான். அத்தைக்கு முகமெல்லாம் வெளிச்சம். "நல்லாத்தான் இருக்கு போ. எம் பேத்திக்கு ஆடு மேய்க்கிறவன் பேரா?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ. "அத்தே, நம்ம கடையில கல்லாவுக்கு மேல ஒரு படம் மாட்டியிருக்கீகளே, தெனம் பூப் போட்டுக் கும்புடுறீகளே, அதுல ஏசுசாமி தோள்ல என்ன கெடக்கு?"

தோளில் ஆட்டுக்குட்டியோடு நிற்கிற நல்ல ஆயன் படம். கடை திறந்த நாளிலிருந்து இருக்கிற படம். "அது வேற" என்றார் அத்தை. குரலில் பலம் இல்லை.

ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அப்பாவை. வைத்தியர் பட்டம் பறிபோன வருத்தத்தில் இருப்பார் என்று பயந்தேன். அவரோ போனை வாங்கி, அது என்ன மாதிரி ஆட்டு மேய்ப்பு என்று கேட்கச் சொன்னார். அந்த அம்மா நிறையப் பேசினார். அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு மேய்ப்பர் இருப்பாராம். ஊர் ஆடு மொத்தமும் அவர் பொறுப்பாம். ராத்திரியானால் பட்டி போட்டு ஆடுகளை வயலில் அடைப்பாராம், மண்ணுக்கு உரம் ஏற. இன்றைக்கு யார் வயலில் என்று ஊரே போட்டி போடுமாம்.

"கிடையா!" என்று அப்பா கத்தினார். போனை வயல் பக்கம் திருப்பி, "இந்தா பாருங்கம்மா, நம்ம கிடை. இங்கனயும் அதேதான்!" என்றார். இப்போது அவருக்கு நிற்கக் கால் தரிக்கவில்லை. "கிடை போடாம எந்த மண்ணுல வெள்ளாம வந்துச்சு? ராஜா வைத்தியன் எதுக்கு ஆகப் போறான்? இதுல்ல பேரு!" டாக்டரம்மா அங்கே கைகொட்டிச் சிரித்தார். தன் வீட்டில் யாரும் ஆட்டைத் தொட்டே பல தலைமுறை ஆகிறது, உங்களிடம்தான் அந்தப் பெயர் சரியாக வந்து சேர்ந்திருக்கிறது என்று சொன்னதாக அக்கா சொன்னாள். அப்பாவின் கண் கலங்கிவிட்டது. அவரைப் பார்த்து எனக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை பிள்ளையை என்னிடமிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம், "அந்த அம்மா பெரிய டாக்டரா?" என்றார். இருதய டாக்டர் என்றேன். பிள்ளையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப டாக்டரம்மா பேருனு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான். சண்டை முடிந்தது.

ஞானஸ்நானத்தன்று எங்கள் பங்குச் சாமியார், சேப்பருக்கு முன்னால் ஒரு புனிதையின் பெயரையும் சேர்க்கச் சொன்னார், சேர்த்தோம். பிள்ளைக்கு என்ன பெயர் என்று அவர் கேட்டபோது நானும் கணவரும் சேர்ந்து சொன்னோம். கோயில் முழுக்கக் கேட்கவேண்டும் என்று நான் கொஞ்சம் அதிகமாகவே கத்தினேன். பின்வரிசையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நின்ற அப்பா, இன்னும் தண்ணீர்கூட ஊற்றாதபோதே "ஆமென்" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வெட்கப்படவே இல்லை. அன்று சாயங்காலம் வரைபடத்தில் பழனிசெட்டிபட்டிக்கு இரண்டாவது புள்ளி வைத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

இப்போது அவளுக்கு மூன்று வயது. கடையில் சுருட்டி வைத்திருக்கிற குழாய்க் கட்டுகளின்மேல் ஏறுவதுதான் முழுநேர வேலை. இதில் அதிகச் சந்தோஷம் யாருக்கு என்றால், அத்தைக்குத்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து புருஷன் பெயரையும் சொல்ல முடியாமல், பேரன் பெயரையும் சொல்ல முடியாமல் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தவருக்கு, தொண்டை கிழியக் கூப்பிட ஒரு பெயர் கிடைத்துவிட்டது. மெயின் ரோடு வரைக்கும் கேட்கும்.

போன வாரம் அப்பா வந்திருந்தார். மோட்டார்ப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். உள்ளேயிருந்து அத்தை, "ஏ சேப்பரு! எறங்குடி கீழ! எத்தன தடவ சொல்றது?" என்று ஒரு சத்தம் போட்டார். அப்பா சட்டென்று பெட்டியிலிருந்து இறங்கி நின்றார், வடை கையில் இருக்க.

அத்தை வெளியே வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ சம்பந்தி, தப்பா நெனைக்காதீக, ஒங்களச் சொல்லல."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா. குழாய்க் கட்டின்மேல் இன்னும் இறங்காமல் நிற்கிறவளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்தப் பேருல நாங்க ரெண்டு பேரு இருக்கோம்ல?"