பந்தயக் காருக்கு நான் கொடுத்த வாக்கு

அறுபதுகளின் தொடக்கத்தில் சிவகாசியில் யார் பழைய லாரி வாங்க நினைத்தாலும் முதலில் என் பட்டறைக்குத்தான் கொண்டுவருவார்கள். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. நான் தலையை ஆட்டினால் வாங்குவார்கள், உதட்டைப் பிதுக்கினால் விட்டுவிடுவார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

ஒருநாள் காலையில் பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர், பட்டறைக்கே ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த துரை சீமைக்குத் திரும்புகிறாராம். அவர் விற்கும் பந்தயக் கார் அது. துரையின் டிரைவர் ஓட்டி வந்திருந்தார். பார்த்துச் சொல்ல வேண்டியது என் வேலை.

இரண்டே சீட். மேலே கூரை கிடையாது. கதவு என் இடுப்பு உயரம்கூட இல்லை. கம்பிச் சக்கரங்கள். நீண்ட பானெட்டின் குறுக்கே ஒரு தோல் வார். அதைத் தொடுவதற்கு முன் கையை இரண்டு முறை துடைத்துக்கொண்டேன். பானெட்டைத் திறந்தேன். பெட்ரோலில் காற்றைக் கலக்கும் கார்புரேட்டர்கள் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. மனுசன் கையால் இப்படியும் செய்ய முடியுமா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தேன். அதில் என்னைக் குறை சொல்ல முடியாது. எஞ்சின் சூடாக இருந்ததால் முதலில் ஆறட்டும் என்று எல்லோரையும் காக்க வைத்தேன். சூடான எஞ்சின் தன் நோயைக் காட்டாது. ஆறிய பிறகு கிளப்பினேன். நீலப் புகை இல்லை. ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்தேன், இரும்புத் துகள் இல்லை. வேகமாக ஓடும் வண்டியை யாரும் மெதுவாக ஓட்டியிருக்க மாட்டார்கள், எங்காவது முட்டியிருக்கும். அதனால் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி காரின் உடம்பு முழுக்கத் தடவினேன். அடிபட்ட இடத்தில் பட்டி வைத்துப் பூசியிருந்தால் காந்தம் ஒட்டாது. எல்லா இடத்திலும் ஒட்டியது. அடியில் படுத்து, வண்டியைத் தாங்கும் சேசிஸைப் பார்த்தேன், ஒட்டுப்போட்ட தழும்பு எங்கும் இல்லை. சக்கரக் கம்பிகளைச் சந்தையில் பானை தட்டிப் பார்ப்பது போல ஒவ்வொன்றாகத் தட்டினேன்.

சைலன்சரையும் தட்டினேன். உள்ளே ஒன்றும் இல்லாமல் வெறும் குழாயாக ஒலித்தது. டிரைவரைப் பார்த்தேன்.

“இன்னும் வேகமாப் போகணும்னு துரை உள்ள இருந்த தடுப்பை எல்லாம் எடுத்துட்டாருங்க” என்றார்.

துரையின் மூளையை நினைத்து வியந்துபோனேன்.

பிறகு முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விருதுநகர் ரோட்டில் விட்டேன். மூன்றாவது கியரில் அது சீறியபோது முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் கரிசல் காடு ஓடிப்போனது. சாமி கும்பிடும்போதுகூட எனக்கு அப்படி மெய்சிலிர்த்ததில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்னால் படபடவென்று வெடித்தது. இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம்.

“ஏப்பா, நம்ம சரக்கு மாதிரியில்ல வெடிக்கு!” என்றார் முதலாளி. “நமக்குன்னே செஞ்ச வண்டி போல.”

ஒரு லாரி இப்படி வெடித்தால் டிரைவரை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, அப்போதே கார்புரேட்டரைக் கழற்றியிருப்பேன். காலை முதல் சாயங்காலம் வரை எங்காவது ஒரு சரத்தை வெடித்துப் பார்க்கிற ஊர் எங்களுடையது. வெடிச் சத்தம் கேட்டால் சரக்கு நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காதோடுதான் இருவரும் கேட்டோம்.

“கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க முதலாளி” என்று வாக்குக் கொடுத்தேன்.

“அப்ப கம்பெனி உள்ள வரைக்கும் விடு. எல்லாரும் பாக்கட்டும்.”

கம்பெனி சாத்தூர் ரோட்டில், ஊரைத் தாண்டி இருந்தது. என் மனைவி அங்கேதான் வேலை பார்த்தாள். வெடிமருந்து உருட்டி வெயிலில் காயவைக்கும் மேடை அவளுடையது. நான் இந்தக் காரை ஓட்டிவருவதை அவள் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. அந்த வாசலில் தீப்பெட்டி, பீடி எல்லாவற்றையும் தகர டப்பாவில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆணி அடித்த செருப்புக்குக்கூட அனுமதியில்லை. லோடு ஏற்ற வரும் லாரி வெளியேதான் நிற்கும். அந்தச் சட்டம் போட்டவரே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்று இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை.

வாசலை நெருங்கிக் காலை எடுத்தேன். பின்னால் இரண்டு வெடி. வாட்ச்மேன் கையை விரித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார்.

“அங்கனயே நிப்பாட்டுங்க! ஒரு அடி உள்ள வரப்படாது!”

“ஏலே, யார் வந்திருக்கான்னு தெரியலையா?” என்றார் முதலாளி.

“தெரியுது முதலாளி. நெருப்பு இல்லாம எது வெடிக்கும்? நீங்களே சொல்லுங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. லாரியைத் தள்ளக்கூடத் தெரியாத ஆள் எனக்குப் பாடம் சொல்வதா? அவர் சொன்னது தப்பென்று காட்ட, எஞ்சினை அணைத்து, காரை வாசலிலிருந்து வெகுதூரம் தள்ளிக்கொண்டு போனோம். ரோட்டோரம் கிடந்த ஒரு பட்டாசு லேபிள் தாளைக் குச்சியில் செருகி, சைலன்சர் குழாயின் வாயருகே பிடித்தேன். முதலாளி எஞ்சினைக் கிளப்பி, ஆக்ஸிலேட்டரை அழுத்திக் காலை எடுத்தார். ஒன்றும் இல்லை. மறுபடியும் ஒன்றும் இல்லை. வாட்ச்மேனை ஏளனமாகப் பார்த்தேன். மூன்றாம் தடவை படீரென்றது. அந்த வெயிலில் நெருப்பு கண்ணுக்கே தெரியவில்லை. தாள் மட்டும் கறுத்துச் சுருண்டு, குச்சி வரை எரிந்துவந்தது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனையும் இல்லை.

முதலாளி எஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து கருகிய தாளைப் பார்த்துவிட்டு, “சைலன்சரை மாத்திட்டா சரியாப் போகுமா?” என்று கேட்டார்.

“சரியாப் போகும் முதலாளி. ஆனா என் சொல்ல நம்பி வாங்காதீக.”

அன்றைக்கே காரை டிரைவரோடு திருப்பி அனுப்பிவிட்டார். நான் பட்டறைக்குப் போகவில்லை. வேலை விடும் வரை வாசலிலேயே நின்றேன். சாயங்காலம் பெண்கள் தூக்குச்சட்டியோடு வரிசையாக வெளியே வந்தார்கள். எத்தனை பேர்! ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். ஒருத்தி பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தாள், ஒருத்தி யாரையோ ஏசிக்கொண்டு வந்தாள். கடைசி ஆளாக என் மனைவி வந்தாள். முழங்கை வரை, வெடிமருந்தில் கலக்கும் அலுமினியத் தூள் மின்னியது.

“இங்கன எதுக்கு நிக்கீக? உடம்புக்கு முடியலையா?” என்றாள்.

சும்மாதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகை வந்துவிட்டது.