கணுக்காலில் இருபத்தெட்டாயிரம்

எட்டாவதோடு பள்ளியை விட்டு, லாரி, செங்கல் சூளை, கல்யாண மண்டபம் என்று சுற்றிய நான், நாற்பது வயதில் காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் தங்கினேன். அவர் பட்டுச் சேலை நெய்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கான நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாக்கட்டையைத் தள்ளுவேன். முன்பெல்லாம் சிறுவர்கள் பார்த்த வேலை. மூன்று வேளைச் சோறும் தறியோரம் படுக்க இடமும் கிடைத்தன.

அவருக்குச் சர்க்கரை ஏறியதும் சென்னையில் இருந்த மகள் ஒரு ஃபிட்னஸ் பேண்ட் வாங்கிக் கையில் கட்டிவிட்டார். தினமும் ஆறாயிரம் அடி நடக்க வேண்டும். எண்ணிக்கை மகளின் போனுக்கே போய்விடும். குறைந்தால் தறியை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்துவிட வேண்டும், பதினொன்றாவது மாடிக்கு.

முதல் நாளே பேண்டின் கொக்கி தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவில் மாட்டிப் பதினேழு இழைகள் அறுந்தன. முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது.

“கையிலதான் கட்டணும்னு இருக்குதா மொதலாளி? கால்ல கட்டுங்க” என்றேன்.

கணுக்காலில் கட்டிக்கொண்டு தறிக்குழியில் இருந்த மிதிகட்டைமேல் காலை வைத்தார். மிதிக்க மிதிக்க எண் ஏறியது. சாயங்காலம் பார்த்தால் இருபத்தெட்டாயிரம். சாப்பாட்டுக்குத் தவிர மனிதர் எழுந்திருக்கவே இல்லை.

நான்காம் நாள் மகள் போன் செய்தார்.

“இன்னிக்கி எங்க போனப்பா?”

“எங்கயும் போலம்மா.”

உண்மையைச் சொன்னதுதான் தப்பாகிவிட்டது. போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

“அண்ணா, அப்பா வழி தெரியாம சுத்திக்கினு இருக்குறாரா? அவ்ளோ நடந்துட்டு எங்கயும் போலன்றாரு.”

“திருமுக்கூடல் வரைக்கும் போய்ட்டு வந்தாரும்மா” என்றேன். சமாளித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அந்த ஊர் ஒரு பக்கமே இருபது கிலோமீட்டர் என்பது அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் காலை கார் வந்து நின்றது. மகள் கையில் அப்பாவின் துணிகளுக்காக ஒரு காலிப் பை. முதலாளி குழியிலிருந்து பேண்ட் கட்டிய காலைத் தூக்கிக் காட்டினார். மகள் என்னைப் பார்த்தார். நான் நாடாவைப் பார்த்தேன். முதலாளி போனால் என் படுக்கையும் போச்சு.

“குழியில மிதிக்கிறதெல்லாம் நடையா? கெளம்புப்பா.”

“ஏம்மா, மிதிக்கிற காலு என்னுதுதானே?”

“அப்போ திருப்பருத்திக்குன்றம் வரைக்கும் நடந்து காட்டு. நானும் வரேன். நடுவுல உக்காந்தியோ, நேரா காருதான்.”

நடந்தோம். நாற்பது வருஷம் தறி மிதித்த கால்கள் அவருடையவை. ஒவ்வொரு அடியையும் தரைக்குள் அமுக்குவதுபோல வைத்தார். ஆனால் நிற்கவில்லை. திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் கோயில் கண்ணில் படும்போது மகளின் குதிகால் கொப்பளித்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

அவர் மட்டும் நின்றார்.

“நீயும் உக்காருப்பா.”

“உக்காந்தா காருன்னியேம்மா.”

மகள்தான் ஷேர் ஆட்டோவை நிறுத்தினார். ஏறலாமா என்று முதலாளி இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே ஏறினார். ரோடெல்லாம் பள்ளம். ஆட்டோ குதிக்கக் குதிக்க, உட்கார்ந்தபடியே அவர் கணுக்காலில் நானூறு அடி கூடியது. மகள் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். வீடு வந்ததும் குனிந்து பேண்டை அவிழ்த்துக் காலிப் பையில் போட்டார்.

“அடுத்த மாசம் ரத்தம் டெஸ்ட் பண்ணுவேன். அதை எந்தக் கால்ல கட்டுறீங்கன்னு பாக்குறேன்.”

கார் தெரு திரும்பும்வரை வாசலில் நின்றுவிட்டு, அவர் குழியில் இறங்கினார்.

“நாடாவத் தள்ளுப்பா. பாதி நாளு போச்சு.”